விசைக்கும் வெடிக்கும் நடுவில்

மரிய ஆல்பர்ட்டுக்கு இருபத்து நான்கு வருட ராணுவத்தில் வராத ரத்தக் கொதிப்பு, சின்ன வெங்காய வியாபாரி அண்ணாதுரை ஒரு ஜெர்மன் ரைஃபிள் வாங்கிய ஆறாவது வாரத்தில் வந்தது. அரியலூரில் ஒரு கிளினிக்கில் கைப்பட்டையைக் கழற்றிக்கொண்டே நர்ஸ் கேட்டாள்: "வீட்டுல எதுவும் டென்ஷனா சார்?"

"வூட்டுல இல்லம்மா. லாக் டைம்."

அது என்ன வியாதி என்று அவளுக்குப் புரியவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

ஆல்பர்ட்டுக்குச் சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் முந்திரி. கொட்டை பொறுக்கிய கையோடு பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போனார். அங்கே அவரைச் சுட அனுப்பவில்லை. சுடுகிற சாமான்களைப் பழுது பார்க்கும் பிரிவில் போட்டார்கள். ஜம்மு, அஸ்ஸாம், ராஜஸ்தான் என்று போன இடமெல்லாம் ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு பெட்டி நிறையத் திருப்புளி. தேய்ந்த ஊசியும் வளைந்த குழலும் இறுகிப்போன விசையும் ஆயிரக்கணக்கில் அவர் கையைத் தாண்டிப் போயின. அத்தனை வருடத்தில் அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். துப்பாக்கி சரியில்லை என்று வரும் நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேரிடம் துப்பாக்கி ஒழுங்காகத்தான் இருக்கும். ஆள்தான் ஒழுங்காக இருக்க மாட்டான். ஆனால் ஒருவன்கூட, 'நான் சரியில்லை, என்னைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள்' என்று அவர் மேஜைக்கு வந்ததில்லை.

ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் ஒரு சிமெண்ட் ஆலை வாசலில் லாரி நம்பர் எழுதும் வேலை கிடைத்தது. நான்கு வருடம் தூசியைத் தின்றுகொண்டே எழுதினார். பிறகுதான் அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையில், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரிப் பள்ளத்தில் ரைஃபிள் கிளப் ஒன்று ஆரம்பித்தார்கள். மூன்று பக்கமும் பாறைச் சுவர் என்பதால் குண்டு வெளியே போக வழியில்லை. டாக்டர்கள், ரைஸ்மில்காரர்கள், கல்லூரி நடத்துகிறவர்கள் என்று முப்பது உறுப்பினர்கள். துப்பாக்கிகளைப் பராமரிக்கவும், சுடும்போது ஒழுங்கு பார்க்கவும் ஒரு ஆள் வேண்டும் என்றதும் ஆல்பர்ட் அன்றைக்கே சிமெண்ட் ஆலைக்குக் கும்பிடு போட்டுவிட்டார். வீட்டில் ஜெயராணிக்கு ஒரே ஒரு வருத்தம்தான். கிளப்பில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். எட்டு மணிப் பூசைக்கு அவள் தனியாகப் போகவேண்டி வந்தது. இவர் விடியற்காலை முதல் பூசைக்குப் போய்விட்டு, ஆசீர் வாங்கிய சூட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அண்ணாதுரைக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. செட்டிக்குளம் பக்கம் வெங்காயக் கிடங்கு. நல்ல மனுஷன், தாராளமான கை, இடி மாதிரிச் சிரிப்பு. ஆனால் ஓரிடத்தில் உட்கார மாட்டார். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை என்று போகும் தொழிலில் இருபது வருடம் இருந்ததாலோ என்னவோ, எதையும் முடிந்த பிறகு பார்க்கும் பொறுமை அவருக்குக் கிடையாது; முடிவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். லைசென்சுக்கு இரண்டு வருடம் அலைந்து, அந்த ஜெர்மன் ரைஃபிளை வரவழைத்து, படுத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் தூரத்தில் சுடுகிற போட்டிதான் தன் போட்டி என்று அறிவித்தார்.

சுட்டார். பத்துக் குண்டில் ஏழு, நடுவட்டத்துக்குக் கீழே வலது பக்கம் போய் அடைந்தன. அடுத்த வாரமும் கீழே வலது பக்கம். அதற்கடுத்த வாரமும்.

"ஆல்பர்ட் அண்ணே, பீஸ்ல ஏதோ கோளாறு இருக்கு. தொறந்து பாருங்க."

அது ஆகஸ்ட் மாதம். ஆல்பர்ட் முழுசாகத் திறந்து பார்த்தார். கோயில் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. பூட்டி, மணல் மூட்டைமேல் வைத்துத் தானே பத்துக் குண்டு சுட்டார். பத்தும் ஒரு எட்டணாக் காசு மறைக்கும் இடத்துக்குள் விழுந்தன. அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்.

"துப்பாக்கி தங்கம் சார். நீங்கதான் வெடிக்கிறதுக்கு முன்னாடியே ஆடுறீங்க."

அண்ணாதுரை அட்டையைப் பார்க்கவே இல்லை. செல்போனை நீட்டினார். அதில் ஒரு வெள்ளைக்காரன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். "லாக் டைம்னு ஒண்ணு இருக்காம்ண்ணே. டிரிகரை அமுத்துறதுக்கும் குண்டு கெளம்புறதுக்கும் நடுவுல ஆவுற நேரம். அது எனக்கு ஜாஸ்தியா இருக்கு. அதைக் கொறைச்சிக் குடுங்க."

அப்படி ஒன்று இருப்பது ஆல்பர்ட்டுக்குத் தெரியாதா? விரல் விசையை அழுத்தியதும் உள்ளே ஒரு கொக்கி விடுபடும். அடங்கியிருந்த சுருள்வில் ஊசியை முன்னே தள்ளும். ஊசி போய்த் தோட்டாவில் இடிக்கும். கொக்கி விடுபட்டதிலிருந்து ஊசி இடிக்கிற வரைக்கும் ஆகும் நேரம்தான் லாக் டைம். அதன் பிறகு மருந்து பற்றி, குண்டு குழலுக்குள் ஓடி, வாய் வழியே வெளியேற வேண்டும். எல்லாம் சேர்த்தே ஒரு நொடியை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஐந்தாறு கூறு. அந்த ஐந்தாறு கூறு நேரம் மனிதன் அசையாமல் கிடந்தால் போதும். இவரோ விசையை அழுத்த நினைக்கும்போதே கண்ணை மூடி, தோளை முன்னே தள்ளி, குண்டு எங்கே போயிற்று என்று பார்க்கத் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஆல்பர்ட் பின்னால் நின்று இதை வாராவாரம் பார்த்தார்.

"சார், பஸ்ல கண்டக்டர் விசில் அடிக்கிறான். டிரைவர் கியர் போட்டு வண்டி நகர ஒரு நேரம் ஆவும்ல? அந்த நேரத்துக்குள்ள நீங்க படியிலேருந்து குதிச்சா, அது பஸ்ஸோட தப்பா?"

அண்ணாதுரை யோசித்தார். ஆல்பர்ட்டுக்கு நம்பிக்கை வந்தது.

"கரெக்ட்டுண்ணே. அப்ப டிரைவர் இன்னும் சீக்கிரமா எடுத்தா நான் குதிக்கிறதுக்குள்ள வண்டி போயிடும்ல? அதைத்தான் கேக்குறேன்."

ஆல்பர்ட் எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

அடுத்த ஒரு மாதம் அண்ணாதுரைக்குச் சாப்பாடு இறங்கியதோ இல்லையோ, லாக் டைம் பேச்சு ஓயவில்லை. விசையை இலேசாக்கச் சொன்னார், ஆக்கிக் கொடுத்தார். கெட்டியாக்கச் சொன்னார், ஆக்கினார். வேறு சுருள்வில் வருமா, இலேசான ஊசி கிடைக்குமா, கோயம்புத்தூரில் யாரோ செய்கிறார்களாமே என்று காலை ஏழு மணிக்கெல்லாம் போன் வரும். கிளப் செயலாளர் வேல்முருகன், பெரம்பலூரில் பல் டாக்டர், ஆல்பர்ட்டைத் தனியாகக் கூப்பிட்டு மெல்லிய குரலில் சொன்னார்: "மெம்பர் சங்கடப்படுறாரு ஆல்பர்ட். ஏதாச்சும் பண்ணிக் குடுங்களேன்."

"இல்லாத நோவுக்கு நீங்க பல்லைப் பிடுங்குவீங்களா டாக்டர்?"

வேல்முருகன் சிரித்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

வீட்டில் சாப்பிடும்போதும் இதே புலம்பல். பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற ஜெயராணி, ஒரு வாரம் கேட்டாள், இரண்டு வாரம் கேட்டாள். மூன்றாவது வாரம் ரசக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள்.

"ஏங்க, உன் மேலதான் தப்பு, உன் மேலதான் தப்புன்னு சொன்னா எந்தப் புள்ள ஒத்துக்கும்? போர்டுல போட்டுக் காட்டணும். அவரு ஆடுறாருன்னா ஆடுறதை அவரு கண்ணுக்குக் காட்டுங்க. இல்லாட்டி இந்தப் பேச்சை எங்கிட்ட பேசாதீங்க. எனக்கும் பிரஷர் வந்துரும்."

ஆல்பர்ட்டுக்கு அப்போதுதான் உறைத்தது. பட்டாளத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு இதற்கென்றே ஒரு வழி உண்டு. தனக்கு அது எப்படித் தோன்றாமல் போயிற்று? கோபம்தான் மறைத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு மற்றவர்கள் போன பிறகு அண்ணாதுரையை நிறுத்தி வைத்தார். "படுங்க சார். நீங்க தோட்டா போட வேணாம். நான் போட்டுத் தரேன். நீங்க சுட்டாப் போதும்."

முதல் தோட்டா வெடித்தது. கீழே, வலது பக்கம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதாக, அண்ணாதுரைக்குத் தெரியாமல், ஏற்கெனவே வெடித்த ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டு மூடினார் ஆல்பர்ட். அண்ணாதுரை குறி பார்த்தார், மூச்சை நிறுத்தினார், அழுத்தினார்.

டிக்.

வெடி இல்லை. சத்தம் இல்லை. ஆனால் துப்பாக்கியின் வாய், யாரோ மேலிருந்து குட்டியது போல ஒரு சாண் கீழே குத்திக்கொண்டு போனது. அண்ணாதுரையின் கண்கள் இறுக மூடியிருந்தன.

அவர் மெல்லக் கண்ணைத் திறந்து, தரையை நோக்கிக் கிடந்த குழலைப் பார்த்தார்.

"இது நானாண்ணே?"

"நீங்கதான் சார். உள்ள ஒண்ணுமில்ல. வெடிச்சா அந்தச் சத்தத்துல இது தெரியாது. இப்பத்தான் தெரியுது."

"இன்னொரு தடவை போடுங்க."

பதினைந்து தடவை போட்டார். எது நிஜம், எது வெற்று என்று தெரியாமல் அண்ணாதுரை சுட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு 'டிக்'குக்கும் குழல் குனிந்தது. ஒவ்வொரு முறையும் அவர் தனக்குத் தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டார். கடைசி இரண்டில் மட்டும் குனிவு பாதியாகக் குறைந்திருந்தது. எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "ரெண்டு மூணு மாசமா உங்க உயிரை எடுத்திருக்கேன்," என்றார். ஆல்பர்ட்டுக்கு அன்று வீடு போகும் வழியெல்லாம் சீட்டி அடிக்கத் தோன்றியது.

நிம்மதி நீடிக்கவில்லை. அண்ணாதுரைக்கு எதிலும் பாதி கிடையாது. இப்போது வீட்டில் தினமும் காலையில் பாயை விரித்து, வெற்றுத் தோட்டாவைப் போட்டு ஐம்பது தடவை விசையை அழுத்தினார். குழலின் நுனியில் ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி வைத்து, அது விழாமல் அழுத்தப் பழகினார். அதன் முடிவைத் தினமும் ஆல்பர்ட்டுக்குப் போனில் சொன்னார். "அண்ணே, இன்னிக்கு அம்பதுக்கு நாலு தடவைதான் காசு விழுந்துச்சு." "அண்ணே, ரெண்டு." முதல் பூசையில் நற்கருணை நேரத்தில் ஒருநாள் போன் அடித்து, முன்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்து எடுத்தால், "ஒண்ணுகூட விழல அண்ணே!"

ஆனால் பலன் தெரிந்தது. அக்டோபரில் குண்டுகள் நடுவுக்கு நகர்ந்தன. நவம்பரில், மழை விட்ட ஒரு மத்தியானம், பத்துக் குண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு எடுத்தார். உடம்பு அசையவே இல்லை. வெடித்த பிறகும் கன்னத்தை எடுக்காமல், குறியைப் பார்த்தபடியே ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் தலையைத் தூக்கினார். ஆல்பர்ட் பட்டாளத்தில்கூட இப்படித் திருந்திய ஆளை அதிகம் பார்த்ததில்லை. வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் போன் வரும் என்று பயம்.

டிசம்பர் இரண்டாவது வாரம், பனி இறங்கிய ஒரு காலை, அண்ணாதுரை பாயிலிருந்து எழுந்து வந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. டிரிகர் விட்டதும் உடனே போவல. கொஞ்சம் தங்கிப் போவுது."

ஆல்பர்ட்டுக்குக் காது மடல் சூடானது. "மறுபடியும் லாக் டைமா சார்?"

"அது இல்லண்ணே. நிஜமாவே தங்குது. நான் ஆடல. ஆடாமக் கெடக்குறப்பதான் தெரியுது."

ஆல்பர்ட் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். அதற்குள் இன்னொரு உறுப்பினரின் பழுதைப் பார்க்கும்படி ஆகிவிட்டது. பதினோரு மணிக்கு, நல்ல வெயிலில், ஐந்து குண்டு சுட்டுப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்ல சார்," என்று திருப்பிக் கொடுத்தார். திறக்கவில்லை. ஆகஸ்டில் திறந்ததுதான் போதாதா?

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் மறுபடியும் சொன்னார். "சார், தயவுபண்ணி இந்த வீடியோவெல்லாம் பாக்காதீங்க," என்றார் ஆல்பர்ட். புது வருஷம் பிறந்து மூன்றாம் முறை சொன்னபோது, வேல்முருகனும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் எதிரிலேயே ஆல்பர்ட்டின் குரல் உயர்ந்துவிட்டது: "பழைய பாட்டை மறுபடி ஆரம்பிக்காதீங்க சார்! துப்பாக்கியில ஒரு மண்ணும் இல்ல. எங்க கோளாறுன்னு செப்டம்பர்லயே பாத்தாச்சுல்ல?"

யாரோ சிரித்தார்கள். அண்ணாதுரை ரைஃபிளைப் பையில் வைத்து மூடினார்.

பொங்கல் கழிந்த ஞாயிறு, கிளப்பின் ஆண்டுப் போட்டி. திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும்கூட ஆட்கள் வந்திருந்தார்கள். ஏழு மணிக்குக் குவாரிப் பள்ளத்தில் இன்னும் மூட்டம் கலையவில்லை. வாயைத் திறந்தால் புகை வந்தது. பத்துப் பேர் பாயில் வரிசையாகப் படுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் இருபது குண்டு. அண்ணாதுரைக்கு நான்காவது இடம். ஆல்பர்ட் பின்னால் நின்றார்.

அண்ணாதுரையின் முதல் குண்டில் ஆல்பர்ட்டின் கழுத்து திரும்பியது. கொக்கி விடுபடும் 'டிக்'கும் வெடியும் எப்போதும் ஒரே சத்தமாகத்தான் கேட்கும். இப்போது இரண்டும் ஒன்றாக வரவில்லை. நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. இருபத்து நான்கு வருடம் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்த காது அது. இரண்டாவது குண்டில் இடைவெளி இன்னும் நன்றாகக் கேட்டது. எட்டு, ஏழு, எட்டு, ஆறு. அண்ணாதுரை அசையவில்லை, பாறை மாதிரிதான் கிடந்தார். ஆனால் படுத்துக் கிடக்கிறவனுக்கும் மூச்சு உண்டு, நாடி உண்டு. அந்த நேரம் நீண்டால் குறி தானே நழுவும்.

ஐந்தாவது முறை 'டிக்' மட்டும் வந்தது. வெடி வரவில்லை.

அண்ணாதுரை தலையைத் தூக்கினார். கை, தோட்டா போட்டு மூடும் போல்ட்டைத் திறக்கப் போயிற்று.

"தொறக்காதீங்க!" ஆல்பர்ட்டின் குரலில் குவாரியே அதிர்ந்தது. "கையை எடுங்க! குழல் அந்தப் பக்கமே இருக்கட்டும். அசையாதீங்க!"

சில தோட்டா தாமதித்து வெடிக்கும். திறந்த நேரம் பார்த்து வெடித்தால் முகம் போய்விடும். ஆல்பர்ட் பக்கத்தில் மண்டியிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிடம் இருந்தார். அந்த ஒரு நிமிடமும் அண்ணாதுரை அவரைப் பார்க்கவில்லை. கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பிறகு திறந்து தோட்டாவை எடுத்தார். விளிம்பில் நகத்தால் கீறியது போல ஒரு தடம் மட்டும். ஊசிக்கு இடிக்கத் தெம்பில்லை.

மேஜைக்குக் கொண்டுபோய் போல்ட்டைப் பிரித்தார். ஊசியைச் சுற்றிச் சுருள்வில் முழுக்க வெள்ளையாக, உறைந்த நெய் மாதிரி ஏதோ அப்பியிருந்தது, நடுநடுவே கரிப்புகையோடு. விரலில் எடுத்து மூக்கில் வைத்தார். மாதக்கணக்கில் இந்த வாசனையை அவர் அண்ணாதுரையின் தலை எண்ணெய் என்று நினைத்திருந்தார்.

"யாரு சார் இதுல தேங்காய் எண்ணெய் ஊத்துனது?"

"நான்தாண்ணே. உள்ள வழுவழுன்னு இருந்தா லாக் டைம் கொறையும்னு அந்த வீடியோவுல சொன்னான். எண்ணெய்னு சொன்னான், என்ன எண்ணெய்னு சொல்லல. மாசம் ரெண்டு சொட்டு வுட்டேன்."

"எப்பலேருந்து?"

"நீங்க பஸ்ஸு கதை சொன்னீங்களே, அன்னியிலேருந்து."

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"திட்டுவீங்கன்னுதான்."

ஆல்பர்ட் கண்களை மூடிக்கொண்டார். தேங்காய் எண்ணெய்! மார்கழி, தை மாதக் காலையில் குளியலறைப் பாட்டிலிலேயே உறைந்துபோய், வெயிலில் வைத்து எடுக்கிற சாமான். காலையில் உறையும், பதினோரு மணிக்கு உருகும். இவர் பதினோரு மணிக்குச் சுட்டுப் பார்த்தார்.

வேல்முருகன் வந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஆல்பர்ட், ஓனர் தப்பா? எண்ணெய் ஊத்திட்டாரா?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. ஆல்பர்ட்டின் நாக்கு நுனி வரை வந்தது. அப்போதுதான் அண்ணாதுரை, கோபமில்லாமல், களைத்த குரலில் சொன்னார்: "நான் மூணு தடவை சொன்னேன்ல அண்ணே."

மூன்று தடவை சொன்னார். ஆகஸ்டில் சொன்னபோது அது அவருடைய ஆட்டம். டிசம்பரில் சொன்னபோது அது துப்பாக்கியின் தாமதம். ஆட்டம் நின்ற பிறகுதான் அந்தத் தாமதம் அவருக்கே தெரிந்திருக்கிறது. ஆல்பர்ட்டின் காதுக்கு மட்டும் இரண்டும் ஒரே புகாராகக் கேட்டது.

"எண்ணெய் ஊத்துனது அவருதான் டாக்டர்," என்றார் ஆல்பர்ட். "ஆனா சரியில்லன்னு மூணு தடவை சொன்னாரு. தொறந்து பாக்க வேண்டியது என் வேலை. நான் தொறக்கல. அத்தனை பேருக்கு முன்னாடி அவரைச் சத்தம் வேற போட்டேன். எழுதிக்குங்க."

வேல்முருகன் குறித்துக்கொண்டார். பழுது பார்க்க நின்ற நேரத்தைப் போட்டி நேரத்தில் சேர்க்காமல் விடலாம், ஆனால் சுட்ட நான்கு குண்டைத் திரும்பச் சுட முடியாது என்று விதியைச் சொன்னார். ஆல்பர்ட் தன் வண்டியிலிருந்து பெட்ரோலை ஒரு டம்ளரில் பிடித்து வந்து, ஊசியையும் வில்லையும் கழுவி, பனியனைக் கிழித்துத் துடைத்து, ஊதி உலர்த்தி, பூட்டினார். ஒருமுறை வில் எகிறிப் புல்லில் விழுந்து, நான்கு பேர் குனிந்து தேடினார்கள். அதைத் தேடிய கூட்டத்தில் அண்ணாதுரையும் இருந்தார். அவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

மீதிப் பதினாறு குண்டை அண்ணாதுரை சுட்டார். ஒன்றும் தங்கவில்லை. நூற்று அறுபதுக்கு நூற்று ஐம்பத்து நான்கு. மொத்தத்தில் ஐந்தாவது இடம். கோப்பையைத் தஞ்சாவூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். முதல் நான்கும் மற்றதைப் போலவே விழுந்திருந்தால் கோப்பை செட்டிக்குளத்துக்குப் போயிருக்கும்; ஆல்பர்ட் மனதுக்குள் அந்தக் கூட்டலைப் போடாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

அண்ணாதுரை போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. காலை ஏழு மணிக்குப் போன் அடிக்கவில்லை. எந்தத் தொல்லைக்காக இத்தனை மாதம் புலம்பினாரோ, அந்தத் தொல்லை இல்லாத காலைப்பொழுது ஆல்பர்ட்டுக்கு வெறிச்சென்று இருந்தது. "போய்ப் பாத்துட்டு வாங்களேன். போனையே பாத்துக்கிட்டுக் கெடக்குறீங்க," என்றாள் ஜெயராணி.

போனார். கிடங்கில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தார்கள். மூட்டைகளுக்கு நடுவே அண்ணாதுரை இரண்டு காதிலும் இரண்டு போனோடு நின்றிருந்தார். ஆல்பர்ட்டைக் கண்டதும் இரண்டையும் வைத்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஆல்பர்ட் சொல்ல ஆரம்பித்தார். "சார், என் சர்வீஸ்ல நான் இப்படி ஒரு..." அதற்குள் கண் எரிந்தது. துடைத்தார். மறுபடியும் வழிந்தது. தாரை தாரையாகக் கொட்டியது.

"ஐயய்யோ, என்னண்ணே இது! அழுவாதீங்க. விடுங்கண்ணே, ஒரு கோப்பைதானே!"

"அழுவல சார், வெங்காயம்!"

"பரவால்லண்ணே, எங்கிட்ட என்ன வெக்கம்..."

"சார், சத்தியமா வெங்காயம்தான்!"

அண்ணாதுரை கேட்கவே இல்லை. அவர் கண்ணும் கலங்கிவிட்டது. இருபது வருடம் வெங்காயத்தில் புழங்கியவருக்கு அது எதனால் என்று ஆல்பர்ட் கேட்கவில்லை. பெண்கள் கத்தியை நிறுத்திவிட்டு இருவரையும் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் இரண்டு பேரும் வெளியே டீக்கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், சொல்ல வந்ததை ஆல்பர்ட் முழுசாகச் சொல்ல முடிந்தது. அண்ணாதுரை டீயை ஆற்றியபடி கேட்டார். "நானும் எண்ணெய் ஊத்துனதைச் சொல்லியிருக்கணும்," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வருடமே அண்ணாதுரை மாநிலப் போட்டிக்குப் போய்ப் பதினோராவதாக வந்தார். ஆல்பர்ட்டுக்குப் பிரஷர் மாத்திரை நிற்கவில்லை, உப்பும் குறையவில்லை. கிளப்பில் இப்போது யார் வந்து துப்பாக்கி சரியில்லை என்றாலும், வெள்ளைத் துணியை விரித்து, முதலில் போல்ட்டைப் பிரித்துப் போடுகிறார். போன வாரம் புது உறுப்பினர் ஒருவர், அரியலூரில் ஜவுளிக்கடைக்காரர், மூன்றாம் முறையாக வந்து நின்றார். மூன்றாம் முறையும் ஆல்பர்ட் பிரித்தார். ஊசி, வில், கொக்கி எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்துப் பூட்டினார்.

"இப்ப சுட்டுப் பாருங்க சார்," என்று நீட்டினார். "எப்படி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. நான் கேக்குறேன்."